ராக்கெட் லைவ் பாக்கும்போது நியூஸ் சேனல் சத்தத்துல மாட்டிக்காம இருக்கறது எப்படி

நியூஸ் சேனலே பாக்காதீங்கன்னு சொல்ல வரல. நானும் பாக்கறவன்தான், வீட்ல அப்பாவுக்கு யாராவது தமிழ்ல பேசினாத்தான் திருப்தி, இங்கிலீஷ் கமெண்டரி ஓடினா எழுந்து போயிடுவாரு. ஆனா ஒரு ராக்கெட் கிளம்பறப்போ, ஒரு லேண்டர் நிலாவுல இறங்கறப்போ, சேனல்ல ஓடறத கொஞ்சம் கவனிச்சு பாருங்க: பின்னாடி டமடமன்னு மியூசிக், ஸ்க்ரீன் மேல ஒரு டைமர், கீழ ரெண்டு ஸ்க்ரோல், பக்கத்துல நகைக்கடை விளம்பரம், நடுவுல ஒரு மூலைல ராக்கெட். நமக்கு வேண்டியது ரெண்டே விஷயம். இந்த நிமிஷம் வரைக்கும் என்ன தெரிஞ்சிருக்கு, அத யார் சொன்னாங்க. இந்த ரெண்டையும் சொல்ற சேனல் நல்ல சேனல், மிச்சமெல்லாம் சத்தம். அந்த சத்தத்துக்குள்ள இருந்து விஷயத்த நீங்களே எப்படி பிரிச்சு எடுக்கறதுன்னுதான் எழுதறேன்.

முதல் வேலை, ரெண்டு ஸ்க்ரீன் வச்சுக்கங்க. டிவில சேனல், போன்லயோ லேப்டாப்லயோ இஸ்ரோவோட சொந்த ஃபீட், அதாவது அவங்களே போடற நேரலை. இஸ்ரோ வெப்சைட்லயும் யூடியூப்லயும் வரும், பெரிய மிஷன்னா தூர்தர்ஷன்லயும் போடுவாங்க. சந்திரயான்-3 இறங்கின 2023 ஆகஸ்ட் 23 அன்னிக்கு இஸ்ரோவோட யூடியூப் ஃபீட மட்டும் ஒரே நேரத்துல 80 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க, அதனால இது ஏதோ நாலு பேர் பாக்கற விஷயம்னு நினைக்காதீங்க. எல்லா சேனல்லயும் வர்ற நிஜமான காட்சி இந்த ஒரே ஃபீட்தான், அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி நமக்கே திருப்பி காட்டறாங்க. டிவிய மியூட்ல போட்டு ஃபீட் சத்தத்த கேளுங்க, முக்கியமான கட்டம் முடிஞ்சதும் டிவி சத்தத்த வைங்க, அப்பாவும் சந்தோஷம் நீங்களும் சந்தோஷம். யூடியூப் டிவிய விட பல நொடி லேட்டா வரும்ங்கறத மட்டும் மனசுல வச்சுக்கங்க, பக்கத்து வீட்ல கைதட்டல் முதல்ல கேட்டா பதறாதீங்க.

அடுத்தது ஹோம்வொர்க். இஸ்ரோ ஒவ்வொரு லாஞ்சுக்கும் முன்னாடி ஒரு ப்ரோஷர் போடும், அதுல எத்தனாவது நொடில என்ன நடக்கணும்னு ஒரு டேபிள் இருக்கும். அந்த ஒரு டேபிள்தான் உங்க ஆயுதம், ஒரு பேப்பர்ல எழுதி கைல வச்சுக்கங்க. உதாரணத்துக்கு சந்திரயான்-3 போன எல்விஎம்3 ராக்கெட்ட எடுத்துக்கங்க. கிளம்பும்போது எரியறது பக்கத்துல இருக்கற ரெண்டு எஸ்200 பூஸ்டர் மட்டும்தான், நடுவுல இருக்கற எல்110 ஸ்டேஜ் அப்போ சும்மாதான் இருக்கும். அது எரிய ஆரம்பிக்கறது சுமார் 108-வது நொடில, வானத்துல வச்சு. 127-வது நொடி வாக்குல பூஸ்டர் ரெண்டும் கழண்டு விழும், 195 வாக்குல மேல இருக்கற கூம்பு, அதாவது ஹீட் ஷீல்டு, பிரியும், 305 வாக்குல எல்110 பிரியும், அப்புறம் மேல இருக்கற க்ரையோஜெனிக் ஸ்டேஜ் சி25 கிட்டத்தட்ட 954-வது நொடி வரைக்கும் எரியும், 969-ல விண்கலம் தனியா போகும். மொத்தம் 16 நிமிஷம். இது கைல இருந்தா, பூஸ்டர் கழண்டு விழும்போது சேனல்ல 'ராக்கெட்டில் இருந்து ஏதோ உடைந்து விழுகிறது'ன்னு யாராவது பதறினா நீங்க பாட்டுக்கு காபி குடிக்கலாம்.

கவுண்ட்டவுன் டைமர் பத்தி ஒரு வார்த்தை. சேனல் மூலைல ஓடற டைமர் சேனல்காரங்க போட்டது, இஸ்ரோ போட்டது இல்ல. இஸ்ரோ கவுண்ட்டவுன நிறுத்தினாலும் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். 2023 அக்டோபர் 21 அன்னிக்கு மனுஷங்கள விண்வெளிக்கு அனுப்பற ககன்யான் திட்டத்துக்கான டிவி-டி1 சோதனைல இதுதான் நடந்துச்சு. காலைல 8 மணின்னு சொன்னாங்க, அப்புறம் 8.30, அப்புறம் 8.45, கடைசில 5 நொடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு. அப்போ இஸ்ரோ சேர்மனா இருந்த சோமநாத் மைக்குல வந்து இன்ஜின் இக்னிஷன் எதிர்பார்த்தபடி ஆகல, வண்டி பத்திரமா இருக்கு, என்னன்னு பாத்துட்டு சொல்றோம்னு சொன்னாரு. அந்த வார்த்தைல 'தோல்வி'ங்கறது எங்கயுமே இல்ல. தப்ப கண்டுபிடிச்சு சரி பண்ணி அதே நாள் 10 மணிக்கு அனுப்பி, மேல க்ரூ மாட்யூல, அதாவது ஆளுங்க உக்கார வேண்டிய பகுதிய, பிரிச்சு, பாராசூட்ல கடல்ல இறக்கியும் காட்டிட்டாங்க. நடுவுல இருந்த அந்த ஒன்றேகால் மணி நேரம் எந்த சேனல் 'நிறுத்தி வைப்பு'ன்னு போட்டுச்சு, எது 'தோல்வி'ன்னு போட்டுச்சுன்னு பாத்திருந்தா அதுவே அந்த சேனலோட மார்க் ஷீட். அதே மாதிரி சந்திரயான்-2 முதல்ல கிளம்ப வேண்டியது 2019 ஜூலை 15 விடியக்காலைல, 56 நிமிஷம் 24 நொடி பாக்கி இருக்கும்போது நிறுத்தி, ஒரு வாரம் கழிச்சு ஜூலை 22 மதியம் அனுப்பினாங்க. அதனால ஹோல்டு, அதாவது நிறுத்தி வைப்பு, வந்தா டென்ஷன் ஆக வேண்டாம். நிறுத்தறதுக்குத்தான் அந்த கம்ப்யூட்டரையே வச்சிருக்காங்க.

சரி, கிளம்பிடுச்சு. முதல் ஒரு நிமிஷம் புகையையும் நெருப்பையும் நல்லா ரசிங்க, அதுக்குத்தானே பாக்கறோம். அதுக்கப்புறம் கண்ண கிராஃப் மேல வைங்க. மிஷன் கண்ட்ரோல் பெரிய ஸ்க்ரீன்ல ஒரு கோடு ஏற்கனவே வரைஞ்சிருக்கும், அது போக வேண்டிய பாதை. அது மேலயே இன்னொரு கோடு வளர்ந்துட்டே போகும், அது நிஜமா போற பாதை. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிப் போனா எல்லாம் சரி. விலக ஆரம்பிச்சா ஆங்கர் என்ன சொன்னாலும் சரி, ஏதோ ஆகிப் போச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு நல்ல பாடம் 2017 ஆகஸ்ட் 31 சாயங்காலம் போன பிஎஸ்எல்வி-சி39. மேல இருந்தது ஐஆர்என்எஸ்எஸ்-1ஹெச் சாட்டிலைட். மூணு நிமிஷம் தாண்டினதும் ஹீட் ஷீல்டு கழண்டு விழணும், விழல. சுமார் ஒரு டன் எடைய கூடவே தூக்கிட்டு போனா ராக்கெட்டுக்கு வேகம் எங்க இருந்து வரும்? நம்பர் எல்லாம் போட்ட திட்டத்துக்கு கீழயே இருந்துச்சு. கடைசில அன்னிக்கு சேர்மனா இருந்த கிரண் குமார் வந்து ஹீட் ஷீல்டு பிரியல, சாட்டிலைட் அதுக்குள்ளயே மாட்டிக்கிச்சுன்னு நேரா சொன்னாரு. ஸ்டேஜ் எல்லாம் ஒழுங்கா எரிஞ்சுச்சு, சத்தம் புகை எல்லாம் வழக்கம் போலத்தான், காட்சிய மட்டும் பாத்தவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. கையில டேபிள் இருந்தவன் 'ஹீட் ஷீல்டு செபரேஷன்' அறிவிப்பு எங்கடான்னு தேடியிருப்பான். வர வேண்டிய அறிவிப்பு வரலைங்கறதுதான் நிறைய நேரம் முதல் செய்தி, அத எந்த சேனலும் ஃப்ளாஷ் போடாது, ஏன்னா வராத ஒண்ண எப்படி ஃப்ளாஷ் போடறது.

அப்புறம் 'வெற்றி'ங்கற கார்டு. இத ரொம்ப பேர் அவசரப்பட்டு போடறாங்க, ராக்கெட் தரைய விட்டு எழும்பினவுடனே 'வெற்றிகரமாக விண்ணில் பாய்ந்தது'ன்னு போட்டுடுவாங்க, தமிழ்ல இந்த வாக்கியத்துக்கு தனி டெம்ப்ளேட்டே வச்சிருக்காங்கன்னு நினைக்கறேன். பாய்ஞ்சது சரி, போய்ச் சேர்ந்துச்சா? 2022 ஆகஸ்ட் 7 காலைல 9.18-க்கு இஸ்ரோவோட சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்வி முதல் தடவையா கிளம்புச்சு. மூணு சாலிட் ஸ்டேஜும் சுத்தமா வேலை செஞ்சுச்சு. அப்புறம் மிஷன் கண்ட்ரோல்ல ஒரு மாதிரி அமைதி, சோமநாத் வந்து கடைசி கட்டத்துல கொஞ்சம் டேட்டா வரல, பாத்துட்டு சொல்றோம்னாரு. மதியத்துக்கு மேலதான் முழு விவரம் வந்துச்சு: 356 கி.மீ. வட்டப்பாதைல போட வேண்டியத 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டத்துல போட்டுடுச்சு. 76 கி.மீ.ங்கறது காத்து இருக்கற உயரம், அங்க சாட்டிலைட் ஒரு சுத்துகூட தாங்காது. காரணம் ரெண்டாவது ஸ்டேஜ் பிரியற ஒரு சின்ன நேரத்து அதிர்வுல சென்சார் கெட்டுப் போச்சுன்னு கம்ப்யூட்டர் தப்பா முடிவு பண்ணினது. காலைலயே 'வெற்றி' ஸ்வீட் பாக்ஸ் திறந்தவங்க எல்லாம் மதியம் சத்தமில்லாம மூடி வச்சாங்க. அதனால விதி இதுதான்: சாட்டிலைட் பிரிஞ்சதா, எந்த ஆர்பிட்ல, அதாவது சுத்துப்பாதைல, பிரிஞ்சுச்சு, இந்த ரெண்டும் இஸ்ரோ வாயால வர்ற வரைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீங்க.

ஆர்பிட் நம்பர்ல இன்னொரு கூத்து இருக்கு. சந்திரயான்-3 இறங்கறதுக்கு மூணு நாள் முன்னாடி, ஆகஸ்ட் 20 அன்னிக்கு, லேண்டர் 25-க்கு 134 கி.மீ. பாதைக்கு வந்துச்சு. 'நிலவுக்கு இன்னும் 25 கி.மீ. தான்!'னு ஒரே அமர்க்களம், ஏதோ திண்டிவனம் தாண்டி விழுப்புரம் பக்கத்துல வந்துட்ட மாதிரி. 25-ங்கறது அந்த நீள்வட்டத்துல நிலாவுக்கு கிட்ட இருக்கற முனை, 134 தூரத்துல இருக்கற முனை, லேண்டர் ரெண்டுக்கும் நடுவுல நொடிக்கு ஒன்றரை கி.மீ.க்கு மேல வேகத்துல சுத்திட்டே இருக்கு. பிரச்சனை தூரம் இல்ல, வேகம். அந்த வேகத்த எப்படி சைபர் ஆக்கறதுங்கறதுதான் முழு கதையும். ரெண்டு நம்பர் சேர்ந்து வந்தா அது சுத்துப்பாதை, ஒத்த நம்பர் வந்தா இன்னொண்ண சேனல் முழுங்கிடுச்சுன்னு எடுத்துக்கங்க. அதே மாதிரி நொடிக்கு கி.மீ.யா மணிக்கு கி.மீ.யான்னு எப்பவும் ஒரு தடவை சரி பாருங்க, இந்த ரெண்டும் மாறிப்போனா 3600 மடங்கு தப்பு, ஆங்கர் அதே கம்பீரத்தோட படிப்பாரு.

இப்போ காட்சி விஷயத்துக்கு வரேன். எத பாத்தாலும் ஒரே கேள்வி கேளுங்க: இத படம் புடிச்சது யாரு, கேமரா எங்க இருந்துச்சு? நிலாவுல லேண்டர் இறங்கறத வெளில இருந்து காட்டறாங்கன்னா அங்க முன்னாடியே யார் போய் ட்ரைபாட் வச்சாங்க? அது அனிமேஷன். அனிமேஷன்லயும் ரெண்டு வகை உண்டு. இஸ்ரோ காட்டறது வர்ற டேட்டாவ வச்சு ஓடறது, பக்கத்துல உயரம், வேகம் நம்பரோட வரும். சேனல் ஸ்டுடியோல ஓடறது முந்தின நாளே செஞ்சு வச்சது, அதுல லேண்டர் எப்பவுமே அழகா இறங்கிடும், பாவம் அதுக்கு வேற தெரியாது. இது தவிர வேற நாட்டு ராக்கெட் கிளிப்ப எடுத்து பின்னணில ஓட்டறது, ஆங்கர் விண்வெளி உடை போட்டுட்டு வர்றது எல்லாம் நடக்கும், சிரிச்சுட்டு விட்டுடலாம். நிஜமான படம் எப்பவும் லேட்டாத்தான் வரும், கொஞ்சம் மங்கலா, கோணலா இருக்கும். சந்திரயான்-3 லேண்டர் விக்ரம் இறங்கினப்புறம் வந்த முதல் படத்துல லேண்டரோட ஒரு காலும் அதோட நிழலும்தான் தெரிஞ்சுச்சு. பிரக்யான் ரோவர் சாய்வுப் பலகைல உருண்டு இறங்கற வீடியோ ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. இறங்கின அஞ்சாவது நிமிஷம் பளபளன்னு பூமி பின்னாடி தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ குடும்ப குரூப்ல வந்தா ஃபார்வர்டு பண்ணாம இருக்கறது உங்க பொறுப்பு.

லேண்டிங் பாக்கறது லாஞ்ச் பாக்கறத விட கஷ்டம், ஏன்னா கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல, நம்பர் மட்டும்தான். சந்திரயான்-3-ய வச்சே சொல்றேன், அடுத்த தடவை எந்த நாட்டு லேண்டர் இறங்கினாலும் கட்டங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், யூடியூப்ல அந்த ரெக்கார்டிங்க ஓட விட்டுட்டு இத படிச்சா இன்னும் நல்லது. சாயங்காலம் 5.44 வாக்குல லேண்டர் 30 கி.மீ. உயரத்துல, நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்துல, படுத்த வாக்குல வருது. அங்க இருந்து தானா இறங்கற வரிசை ஆரம்பம், கீழ இருந்து யாரும் ஸ்டியரிங் புடிக்கறது இல்ல. முதல் கட்டம் ரஃப் பிரேக்கிங், 690 நொடி. இதுல உயரத்த விட கிடைவாக்கு வேகத்த பாருங்க, 1,680 மீட்டர்ல இருந்து 358 மீட்டர் வரைக்கும் மடமடன்னு குறையும், உயரம் 7.4 கி.மீ.க்கு வரும். இந்த பதினொன்றரை நிமிஷம் சேனலுக்கு பயங்கர போரடிக்கும், அப்பத்தான் எங்கயோ கோயில்ல பூஜை நடக்கற காட்சிக்கு கட் பண்ணுவாங்க, நீங்க ஃபீட விட்டு நகராதீங்க. அடுத்தது வெறும் 10 நொடி, உயரத்த அளந்து சரி பாத்துட்டு லேண்டர் கொஞ்சம் நிமிரற கட்டம். அப்புறம் ஃபைன் பிரேக்கிங், 175 நொடி, 800 மீட்டர் உயரத்துக்கு வரும்போது வேகம் கிட்டத்தட்ட சைபர். கடைசில 150 மீட்டர்ல ஒரு இருபது நொடி போல அந்தரத்துல நின்னு, கீழ பாறை பள்ளம் இருக்கான்னு கேமரால பாத்து, இடம் ஓகேன்னா இறங்கும். 6.04-க்கு முடிஞ்சுச்சு.

இதுல எப்போ மூச்ச புடிக்கணும்? 2019-ல சந்திரயான்-2 இறங்கறப்பவும் முதல் கட்டம் நல்லாத்தான் போச்சு, அடி விழுந்தது ரெண்டாவது கட்டத்துல. அதனால அந்த 10 நொடி தாண்டி நிமிரும்போது நம்பர் எல்லாம் நிதானமா மாறுதான்னு பாருங்க. ஸ்க்ரீன்ல நம்பர் மாறாம அப்படியே நின்னுட்டா, அதுதான் அபாயம், சிவப்பு லைட் எரியும்னு காத்துட்டு இருக்காதீங்க. அப்புறம் ஆட்களோட முகத்த பாருங்க, வரிசைல உக்காந்திருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காம ஸ்க்ரீன மட்டும் பாத்துட்டு இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

சந்திரயான்-2 லேண்டர் (அதுக்கும் பேர் விக்ரம்தான்) இறங்க வேண்டிய 2019 செப்டம்பர் 7 ராத்திரிய நல்லா ஞாபகம் வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க. ஒன்றரை மணிக்கு மேல ஆச்சு, ஊரே முழிச்சிருந்துச்சு. கிராஃப்ல ஒரு புள்ளி கோட்டு மேல அழகா இறங்கி வந்துச்சு, கடைசி பக்கம் வந்ததும் கோட்ட விட்டு லேசா விலகுச்சு, அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. மிஷன் கண்ட்ரோல் கமெண்டரி நின்னுடுச்சு. அந்த அறைல நெஜமாவே ஒரு சத்தமும் இல்ல, அந்த நேரத்துல சேனல்கள்ல இன்னும் மியூசிக் ஓடிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அன்னிக்கு சேர்மனா இருந்த சிவன் வந்து சொன்னது அளந்து சொன்ன வார்த்தைங்க: 2.1 கி.மீ. வரைக்கும் எதிர்பார்த்தபடி போச்சு, அதுக்கப்புறம் தொடர்பு போச்சு, டேட்டாவ ஆராயறோம். அவ்ளோதான். இத 'நிலவுக்கு 2.1 கி.மீ. தொலைவில் நின்ற விக்ரம்'னு மாத்தினா அது என்ன பஸ் ஸ்டாப்பா நிக்கறதுக்கு? பின்னாடி அந்த கிராஃப மறுபடி ஓட்டிப் பாத்தவங்க புள்ளி 2.1-க்கு கீழயும் இறங்கியிருக்குன்னு எழுதினாங்க. அன்னிக்கே நெதர்லாந்துல ட்விங்கலூங்கற பழைய ரேடியோ தொலைநோக்கிய வச்சு லேண்டர் சிக்னல கேட்டுட்டு இருந்தவங்க தங்களோட கிராஃபையும் வெளியிட்டாங்க.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் பெரிய பாடம். ரெண்டு நாள்ல, பேர் சொல்லாத ஒரு அதிகாரிய மேற்கோள் காட்டி லேண்டர் உடையாம சாய்ஞ்சு கிடக்குன்னு செய்தி வந்துச்சு, ஒரு வாரம் அதையே ஓட்டினாங்க. நவம்பர்ல பார்லிமெண்ட்ல கொடுத்த பதில்ல அரசாங்கமே சொல்லிடுச்சு, ரெண்டாவது கட்டத்துல வேகம் போட்ட கணக்குப்படி குறையல, லேண்டர் பலமா மோதிடுச்சு, குறிச்ச இடத்துல இருந்து 500 மீட்டருக்குள்ள. டிசம்பர்ல நாசா படத்தோட உறுதி பண்ணுச்சு, சிதறின துண்டுகள முதல்ல கண்டுபிடிச்சது நம்ம சென்னைல இருந்த இன்ஜினியர் சண்முக சுப்பிரமணியன். நாசா எல்லாருக்கும் பொதுவா போட்டிருந்த பழைய படத்தையும் புது படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, புள்ளி புள்ளியா பாத்து கண்டுபிடிச்சாரு, எந்த ஸ்டுடியோலயும் உக்காரல. 'பேர் சொல்ல விரும்பாத இஸ்ரோ வட்டாரங்கள்'னு ஆரம்பிக்கற செய்திய என்ன பண்ணணும்னு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

சிக்னல் போறது எல்லாமே கெட்ட செய்தி இல்ல, இத தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாதி டென்ஷன் மிச்சம். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 காலைல செவ்வாய் சுத்துப்பாதைக்குள்ள போனப்போ, இன்ஜின் 24 நிமிஷம் எரியணும், எரிஞ்சுட்டு இருக்கும்போதே அது செவ்வாய்க்கு பின்னாடி மறைஞ்சுடும்னு முன்னாடியே தெரியும், அதுபோக சிக்னல் வர்றதுக்கே பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல. அங்க முடிஞ்சு போன விஷயத்துக்குத்தான் நாம இங்க 'இன்னும் சில நொடிகளில்'னு காத்துட்டு இருந்தோம். நிலான்னா ஒன்றே கால் நொடி லேட்டுதான், செவ்வாய்ன்னா கிரகம் எங்க இருக்குங்கறத பொறுத்து மூணு நிமிஷத்துல இருந்து இருபது நிமிஷத்துக்கு மேலயும் போகும். மனுஷங்க திரும்பி வர்ற கேப்ஸ்யூலுக்கும் இப்படி ஒண்ணு உண்டு, காத்துல உரசி சுத்தி ப்ளாஸ்மா உண்டாகி சில நிமிஷம் ரேடியோ வேலை செய்யாது. 2025 மார்ச் 19 விடியக்காலைல சுனிதா வில்லியம்ஸ் வந்தப்பவும், ஜூலை 15 மதியம் சுபான்ஷு சுக்லா வந்தப்பவும் இது இருந்துச்சு, எதிர்பார்த்த நேரத்துல போயி எதிர்பார்த்த நேரத்துல வந்துச்சு. அதையும் 'தொடர்பு துண்டிப்பு'ன்னு சிவப்புல போட்டா வீட்ல பெரியவங்க பயந்துடறாங்க. இவங்க வந்த ட்ராகன் கேப்ஸ்யூல் இறங்கும்போது நீங்க எண்ண வேண்டியது பாராசூட்ட: முதல்ல சின்னது ரெண்டு, அப்புறம் பெருசு நாலு. நாலும் விரிஞ்சாச்சுன்னா டீ போட போகலாம்.

சுனிதா திரும்பினப்போ விண்வெளி ஸ்டேஷன விட்டு பிரிஞ்சு கடல்ல இறங்க 17 மணி நேரம். அவ்ளோ நேரமும் 'லைவ்'னு ஓட்டினா அதுல லைவா என்ன இருக்கும் சொல்லுங்க, ஒரே கிளிப் சுத்தி சுத்தி வரும். இத விட வேடிக்கை ஸ்பேடெக்ஸ். ரெண்டு சாட்டிலைட்ட இணைக்கற அந்த வேலை 2025 ஜனவரில தேதி தள்ளி தள்ளிப் போச்சு, 12-ந்தேதி மூணு மீட்டர் வரைக்கும் கிட்ட கொண்டு வந்து பாத்துட்டு திரும்ப விலக்கினாங்க, 16-ந்தேதி இணைச்சு முடிச்சுட்டுதான் இஸ்ரோ சொல்லுச்சு. நேரலையா யாரும் பாக்கல. அதனால 'லைவ்' முத்திரைய பாத்ததும் எது லைவ்னு கேளுங்க, சம்பவமா, ஸ்டுடியோவா, இல்ல ஸ்ரீஹரிகோட்டா கேட்டுக்கு வெளில நிக்கற நிருபரா.

சேனல எப்படி மார்க் போடறது? நான் பாக்கறது முக்கியமா ஒண்ணுதான், நிபுணர பேச விடறாங்களா. மயில்சாமி அண்ணாதுரை மாதிரி மிஷன் நடத்தினவரே எதிர்ல உக்காந்திருக்காரு, அவர் ரெண்டாவது வாக்கியம் ஆரம்பிக்கறதுக்குள்ள 'அருமையா சொன்னீங்க சார், ஒரு சின்ன இடைவேளை'ன்னா என்ன அர்த்தம். நல்ல ஆங்கர் 'இது என்ன சார், எனக்கு புரியல'ன்னு நம்ம சார்பா கேப்பாரு. முக்கியமான கட்டத்துல வாய மூடிக்குவாரு, அத விட பெரிய திறமை இந்த தொழில்ல இல்ல. 1986-ல சேலஞ்சர் வெடிச்சப்போ நாசா கமெண்டரி பண்ணிட்டு இருந்தவர் முன்னாடி இருந்த டேட்டாவ படிச்சுட்டு இருந்தாரு, படத்த பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் பெரிய கோளாறு ஆகிடுச்சுன்னு மட்டும் சொன்னாரு. தெரிஞ்ச அளவுக்கு மட்டும். அவர் அழல, யார் மேலயும் பழி போடல, ஊகமும் பண்ணல. நம்ம ஊர்ல ஒரு நிமிஷ அமைதிய டெட் ஏர்னு நினைச்சு பயப்படறாங்க.

ஒரு சின்ன வருத்தம், சந்திரயான்-3 கால் வைக்கிற நேரத்துல ஃபீட்லயே ஸ்க்ரீன ரெண்டா பிரிச்சு ஜோகன்னஸ்பர்க்ல இருந்த பிரதமரையும் காட்டினாங்க. அவர் பேசட்டும், வாழ்த்தட்டும், அதுக்கு அப்புறம் எவ்ளோ நேரம் இருக்கு, ஆனா அந்த கடைசி நொடிகள்ல எனக்கு வேண்டியிருந்தது உயரம் வேகம்ங்கற ரெண்டு நம்பர் முழு ஸ்க்ரீன்ல. இஸ்ரோ ஃபீடும் தங்கம்னு சொல்லல, ஒண்ணு சொல்லணும்னா ஏதாவது தப்பா போனப்புறம் சீக்கிரமே மூடிட்டு போயிடறாங்க. ஸ்பேஸ்எக்ஸ் காட்டற மாதிரி கீழ ஒரு ஓரத்துல வேகமும் உயரமும் எந்நேரமும் ஓடிட்டே இருந்தா நம்ம ஊர் பசங்களே பாத்து கத்துக்குவாங்க.

முதல் மணி நேரத்துல வர்ற எதையும் பென்சில்ல எழுதிக்கங்க, வெளிநாட்டு மிஷன்னாலும் இதேதான். 2024 ஜனவரில ஜப்பானோட ஸ்லிம் லேண்டர் நிலாவுல இறங்கினப்போ அவங்க லைவ்ல காட்டின டேட்டா ஸ்க்ரீன்லயே லேண்டர் ஏடாகூடமான நிலைல இருக்கறது தெரிஞ்சுச்சு, கவனிச்சவங்க அப்பவே சொன்னாங்க, பின்னாடி வந்த படத்துல தலைகீழா கிடந்துச்சு. அடுத்த மாசம் அமெரிக்க கம்பெனியோட ஒடிசியஸ் இறங்கினப்போ நேரா நிக்குதுன்னு அவங்களே சொன்னாங்க, மறுநாள் பக்கவாட்டுல சாய்ஞ்சிடுச்சுன்னு அவங்களே திருத்தினாங்க. திருத்தினது குத்தம் இல்ல. அந்த திருத்தத்த முதல் செய்தி அளவுக்கே பெருசா போடற சேனல் எதுன்னு தேடிப் பாருங்க, கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. மிஷன் முடிஞ்சதும் நடக்கற பிரஸ் மீட் பெரும்பாலும் பாதில கட் ஆகிடும், அத ஃபீட்ல முழுசா பாருங்க, சேர்மன் பேச்ச விட கேள்வி பதில்லதான் சரக்கு இருக்கும்.

சென்னைலயோ அத சுத்தியோ இருக்கறவங்களுக்கு ஒண்ணு. வானம் தெளிவா இருந்தா மொட்டை மாடிக்கு போங்க, ஸ்ரீஹரிகோட்டா வடக்க 80 கி.மீ. தூரம்தான், வடக்கும் வடகிழக்கும் பாத்து நில்லுங்க, கிளம்பின கொஞ்ச நேரத்துல கட்டடங்களுக்கு மேல ஆரஞ்சு புள்ளி ஏறி கடல் பக்கமா சாயும். கைல போன் ஃபீட் ஓடிட்டு இருந்தா அது லேட்டா ஓடும்ங்கறதால அத நம்பி நேரம் பாக்காதீங்க, கடிகாரத்த பாருங்க. இன்னும் கிட்ட பாக்கணும்னா இஸ்ரோ அங்கயே ஒரு பார்வையாளர் கேலரி வச்சிருக்கு, ஒவ்வொரு லாஞ்சுக்கும் ஆன்லைன்ல பதிவு திறப்பாங்க, சீட் சீக்கிரம் தீந்துடும், இறங்க வேண்டிய ஸ்டேஷன் சூலூர்பேட்டை.